தொழிற்பயிற்சியும் தனியார் தொழிற்சாலைகளும்

ஒரு தொழிலைப் பற்றி அறிதல் வேறு. அத்தொழிலைச் செய்ய வல்லராதல் வேறு. முன்னது நூலாலும் ஆசிரியராலும் கைகூடும்; பின்னதற்குக் கருவியும் பொருளும் கைப்பழக்கமும் ஒருங்கே வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்னும் பழமொழி இவ்வேறுபாட்டையே குறித்தது. வாலிபர்க்குத் தொழில் கற்பிப்பதில் தனியார் தொழிற்சாலைகளும் பங்கு கொள்ளவேண்டுமெனப் பலரும் கூறுவதற்கு அடிப்படை இதுவேயாம். அக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும், எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை, நமக்கு அண்மையிலுள்ள மறைமலை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

தாம்பரத்தினின்று செங்கற்பட்டு நோக்கி இருப்புப்பாதை வழியே செல்வோர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் ஆகியவற்றைக் கடந்தால் மறைமலை நகரை அடைவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகளின் திருப்பெயரைத் தாங்கியது இவ்வூர். சென்னையின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டுத் துணைநகராக வகுக்கப்பட்ட இது, நாளடைவில் யந்திரத் தொழில்களுக்கு உறைவிடமாயிற்று. இங்கே போர்டு கம்பெனியார் அமைத்த ஆலையிலிருந்து 1999-இல் ‘ஐக்கான்’ என்னும் கார் வெளிவந்தது. அடுத்துள்ள சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மேற்கே செல்லும் சாலையில், ஒரகடம் முதலிய இடங்களிலும் ஆலைகள் பல தோன்றின.

பயிற்சிக்குத் தனியார் உதவி எதற்கெனின், காரணம் மூன்று. முதலாவது, கருவி. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குரிய கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கிற்று. பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் முதலிய தொழில்களைப் பயின்று வெளிவந்தோர் பலர். ஆயினும், ஆலையிலுள்ள யந்திரம் மாறுகின்ற விரைவிற்குப் பயிற்சி நிலையத்து யந்திரம் மாறுவதில்லை. கையால் இயக்கும் லேத்தில் மட்டும் பழகியவன், கணினியின் கட்டளைப்படி இயங்கும் யந்திரத்தின் முன் திகைத்து நிற்பான். இரண்டாவது, ஒழுங்கு. ஷிப்டு நேரந் தவறாமை, அளவு பிழையாமை, பாதுகாப்பு விதிகளை மறவாமை ஆகியவை ஆலைக்குள்ளேயே செவ்விதிற் படியும். மூன்றாவது, தேவை. எத்தொழிலறிந்தார் எத்துணைப்பேர் வேண்டுமென்பதை முதலில் உணர்வோர் வேலை கொடுப்போரே. அவரைக் கலவாது பாடம் வகுப்பின், கற்றவர் ஒருபுறமும் வேலை மற்றொரு புறமுமாக நிற்க நேரும்.

இக்குறையை நீக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டரசினர் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியாருடன் கூடி, 71 அரசினர் நிலையங்களில் புதுக்கருவிகளை நிறுவ முற்பட்டனர். அதற்கு வகுத்த தொகை ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய். ஒரகடத்து நிலையமும் அவற்றுள் ஒன்று. இந்திய ஜப்பானிய அரசுகள் 2016-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, பத்தாண்டுகளில் 30,000 பேரைப் பயிற்றுவதை நோக்கமாகக் கொண்டது. அதன்படி ஜப்பானியக் கம்பெனிகள் அமைத்த நிலையங்களுள், சென்னைப் பக்கத்தில் யமஹா கம்பெனியார் தொடங்கியதும் ஒன்றாம்.

ஆலைக்குள்ளேயே தொழில் பயில்வோரை ‘அப்ரெண்டிஸ்’ என்பர். அவர்க்கென 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி, பழகுநர் பயிற்சி பெறுவோரேயன்றித் தொழிலாளராகார். எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி அவரைச் சேர்த்தல் கூடாது. பயிலுங் காலத்து உதவித்தொகை அளித்தல் வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள், 30 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஊழியர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரைச் சேர்த்தல் வேண்டுமெனக் கடமை விதித்தன. 2016-இல் தொடங்கிய தேசியத் திட்டமோ, உதவித்தொகையில் காற்பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், அரசினரே ஏற்க வழிசெய்தது.

இங்கு முதலாளிமார் ஒரு தடை எழுப்புவர். ‘நாம் பொருள் செலவிட்டுப் பயிற்றிய வாலிபன் நாளை அடுத்த ஆலைக்குச் செல்வானாயின், நட்டம் நமக்கு, ஊதியம் அயலார்க்கு’ என்பதே அது. நியாயமான தடையே. ஒருவர் மட்டும் பயிற்றி ஏனையோர் வாளாவிருப்பின் இந்நட்டம் உண்மையாகும். எல்லாரும் பயிற்றுவாராயின், சென்றவனுக்கு ஈடாக வருபவனும் பயின்றவனாகவே வருவான். கடமை யாவர்க்கும் பொதுவாதலும், அரசினர் செலவிற் பங்கேற்றலும் வேண்டப்படுவது இதுபற்றியே.

இனிப் பயில்வோர் பக்கத்தை நோக்குவோம். இதுவே பெரிதும் சிந்திக்கற்பாலது. ஆலைக்கு வேண்டுவது அன்றைய வேலை. வாலிபனுக்கு வேண்டுவது வாழ்நாள் முழுமைக்குமான தொழில். பயிற்சி என்னும் பெயரால் ஒருவனை ஓராண்டு முழுதும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே திருகாணியை முடுக்கச் செய்வாராயின், ஆலைக்குக் குறைந்த செலவில் ஓர் ஆள் கிடைத்தான். அவனுக்கோ தொழில் கிடைத்திலது. ஆலை நடைபெறுங்காறும் இக்குறை புலப்படாது. அது மூடப்படும் நாளில் புலப்படும்.

அத்தகைய நாள் மறைமலை நகருக்கும் வந்தது. 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனியார் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தனர். இங்கும் குஜராத்திலுள்ள சனந்திலுமாக ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்படுவர் என அவர்களே தெரிவித்தனர். 2022-இல் இங்குள்ள ஆலையில் கார் உற்பத்தி நின்றது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதியின் பொருட்டு இவ்வாலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை அக்கம்பெனியார் தமிழ்நாட்டரசினர்க்குக் கடித மூலம் தெரிவித்தனர். ஆயினும், இடையிற் கழிந்த காலம் வரையில் ஒரு குடும்பத்தின் அடுப்பு காத்திருக்குமோ? கம்பெனியின் வரவும் போக்கும் உலகச் சந்தையைப் பொறுத்தவை. தொழிலாளியின் வசத்தில் உள்ளவையல்ல. அவனிடம் எஞ்சுவன இரண்டே: கற்ற தொழிலும், அதற்குரிய சான்றிதழும்.

ஆதலின், இவ்விரண்டையும் காக்கும் முறையே நன்முறையாம். இதற்கு ஜெர்மானியர் வழி கருதத்தக்கது. 1969-இல் சட்டமியற்றி வரையறுத்த அவர்தம் முறையில், பயில்வோன் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் எஞ்சிய நாட்கள் கம்பெனியிலும் கற்கிறான். தொழில் ஒவ்வொன்றிற்கும் பயிற்சி விதி நாடு முழுமைக்கும் ஒன்றே. தேர்வை நடத்துவதும் அவனைப் பயிற்றிய கம்பெனியன்று. தொழில் வர்த்தக மன்றங்களேயாம். தேர்வுக் குழுவில் முதலாளிகள், தொழிலாளர், ஆசிரியர் ஆகிய முத்திறத்தாரும் அமர்வர். ஆகவே அவன் பெறும் சான்றிதழ் எவ்வூரிலும் செல்லும். நம் நாட்டிலும் பழகுநர்க்கு அகில இந்தியத் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டு. ஒரு கம்பெனி தானே எழுதிக் கொடுக்கும் சீட்டு அதற்கு ஈடாகாது.

மாணாக்கர்காள்! நும்முள்ளும் நும் தம்பியருள்ளும் தொழில் பழகச் செல்வோர், சேருமுன் மூன்று வினாக்களைக் கேட்பீராக. தொழில் முழுமையும் கற்பிக்கப்படுமா? பயின்றபின் தேர்வு நடத்துவோர் யாவர்? சான்றிதழ் பிற ஆலைகளிலும் செல்லுமா? இக்கல்லூரியிற் பயின்று கம்பெனிகளில் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்களும் இவ்வினாக்களைத் தம் ஆலையை நோக்கிக் கேட்பாராயின், பல இல்லங்களுக்கு அது பேருதவியாகும். தனியார் துணை வேண்டுவதே. அதன் பயனோ, ஆலையின் கதவு மூடிய மறுநாளும் அவ்வாலையிற் பயின்றவன் தன் கைத்திறத்தால் உண்ண வல்லனாதலைக் கொண்டே அளக்கப்படுதல் வேண்டும்.