முதல் மொட்டைக் கிள்ளி விடுங்கள்
புது ரோஜாத் தோட்டத்திற்கு மாசி, பங்குனிப் பராமரிப்பு

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலும், நிலக்கோட்டை வட்டாரத்திலும் மழைக்காலக் கடைசியில் நட்ட ரோஜாச் செடிகள் மாசி மாதம் துளிர்விடத் தொடங்கும். பனி விலகி வெயில் ஏறுகிற நேரம் அது. செந்நிறத் துளிர்களைக் கண்டதும் செடி பிழைத்துவிட்டது என்று பல விவசாயிகள் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் துளிர், தண்டில் சேமித்து வைத்திருந்த சத்தினால் வந்ததாக இருக்கலாம். மண்ணுக்குள் புதுவேர் ஓடியிருக்க வேண்டும் என்பதில்லை. சித்திரை வெயிலைத் தாங்கப் போவது வேர்தான். ஆகவே இந்த இரண்டு மாதக் கவனிப்பே தோட்டத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நன்கு பிடித்த ரோஜா, நட்ட இரண்டாம் ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை லாபகரமாகப் பூக்கும்.

செடி நட்ட சில வாரங்களிலேயே மொட்டு வந்துவிடும். முகூர்த்த நாட்களும் பங்குனி உத்திரமும் நெருங்கும் சமயம். பூவுக்கு விலை இருக்கும். கடன் வாங்கி நட்டவருக்கு அந்த மொட்டைக் கிள்ளி எறிய மனம் வராது. ஆனால் வேர் பிடிக்காத செடியில் ஒரு பூ விரிந்தால், வேருக்கும் கிளைக்கும் போக வேண்டிய சத்து பூவுக்குப் போய்விடும். அதோடு, பூவைப் பறிப்பவர் நீளக் காம்போடு நான்கைந்து இலைகளையும் சேர்த்து ஒடித்துவிடுவார். செடிக்கு உணவு தயாரிப்பதே அந்த இலைகள்தான். எனவே மொட்டு பட்டாணி அளவு இருக்கும்போதே, இலைகளை விட்டுவிட்டு மொட்டை மட்டும் நகத்தால் கிள்ளிவிட வேண்டும். அடியிலிருந்து மூன்று நான்கு தடித்த கிளைகள் வரும்வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம், இவ்வாறு செய்வது நல்லது.

கைச்செலவுக்கு வழி வேண்டுமே என்று கேட்பது நியாயமே. இரண்டு மீட்டர் வரிசை இடைவெளியில் கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி போன்ற குறுகிய காலப் பயிர்களைச் செடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி விதைக்கலாம். மிளகாய், கத்தரி, வெண்டை வேண்டாம். இலைப்பேனும் செஞ்சிலந்தியும் அவற்றிலிருந்து ரோஜாவுக்குத் தாவும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வேர்ச்செடித் துளிர். ஒட்டுக்கட்டிய நாற்றுகளில் கீழ்ப்பகுதி காட்டு ரோஜா. மேல்பகுதிதான் நாம் விரும்பும் இரகம். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேகமாக வளர்ந்து மேல்செடியைப் பட்டினி போட்டுவிடும். ஓராண்டு கழித்து, "நான் வாங்கிய சிவப்பு ரோஜா எங்கே போயிற்று?" என்று விவசாயி தேடுவார். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பக்கூடாது, நல்ல இரகங்களிலும் ஏழு சிற்றிலை வருவதுண்டு. தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே சரியான வழி. ஒட்டுக்குக் கீழே என்றால், ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தளிரை அடியோடு பக்கவாட்டில் பிய்த்தெடுக்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் அடிக்கண்ணிலிருந்து மீண்டும் இரண்டாகக் கிளம்பும்.

எட்வர்டு ரோஜா போன்று குச்சியை வேர்விடச் செய்து நட்ட செடிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் ஒட்டு இல்லை. மண்ணிலிருந்து வரும் தளிரும் அதே இரகம்தான். அதைப் பிய்த்தால் நல்ல கிளை போய்விடும்.

ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். பாத்தி கொத்தும்போது அதன்மேல் மண் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும். ஒட்டில் சுற்றிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால், ஒட்டு நன்கு கூடியபின் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் பிளேடால் கீறி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது கழுத்தை நெரிக்கும்.

வேர் பிடிக்கும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் நீர் பாய்ச்சுவது பொது முறை. களிமண் நிலத்தில் அப்படியே பின்பற்றினால் வேர் அழுகும். இரண்டு அங்குல ஆழத்தில் விரலை விட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் அன்று நீர் வேண்டாம். பாத்தியில் வைக்கோலோ கரும்புச் சருகோ பரப்பலாம். தண்டைத் தொடாமல் நான்கு விரற்கடை விலக்கிப் போடவும். கரையான் உள்ள நிலத்தில் வேப்பம் புண்ணாக்கைத் தூவிய பின்பே மூடாக்கு இட வேண்டும். முன்பு குழியில் லிண்டேன் தூள் இடச் சொல்வது வழக்கம். 2013 முதல் இந்தியாவில் அதன் உபயோகம் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய பொட்டலம் வீட்டில் கிடந்தாலும் பயன்படுத்தக்கூடாது.

உரத்துக்கு அவசரம் வேண்டாம். குழியில் இட்ட 10 கிலோ தொழுவுரம் இப்போதைக்குப் போதும். வேர் ஓடாத செடிக்கு யூரியா வைத்தால் இருக்கிற வேரும் கருகும்.

வெயில் ஏறும்போது இலையின் அடியில் செஞ்சிலந்தி சேரும். இலை வெளிறி, மெல்லிய நூலாம்படை தெரியும். மாசிப் பனியில் சாம்பல் நோயும் தலைகாட்டும். இரண்டுக்கும் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். காலை அல்லது மாலையில்தான் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இளந்தளிர் கருகும். துளிர் சுருண்டு பழுப்பேறினால் இலைப்பேன். அதற்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம்.

நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக் காயும் குச்சியை, பச்சைப் பகுதியில் ஓரங்குலம் சேர்த்துச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசையைத் தடவவும். வெட்டிய குச்சிகளைத் தோட்டத்தில் போடாமல் எரித்துவிட வேண்டும்.

துளிர்க்காத செடியை அசைத்துப் பார்ப்பது தவறு. அப்போதுதான் விட்ட வேர் அறுந்துவிடும். பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால், உள்ளே பச்சையாக இருப்பது பிழைக்கும். காய்ந்தவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு, கோடை முடிந்து மழை விழுந்தபின் போக்கிடம் நிரப்பலாம். கவாத்து வெட்டுவதும் இந்த ஆண்டு ஐப்பசிக்கு முன் வேண்டாம்.