மழையறிந்து வீடு கட்டுதல்

கோயம்புத்தூருக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையை நோக்கிய பக்கத்தில் தொண்டாமுத்தூர் அமைந்திருக்கிறது. அவ்வட்டாரத்தில் சொந்த நிலத்தில் வீடு கட்டத் துணியும் குடியானவர் முதலில் விசாரிப்பவை செங்கல்லின் விலையும் கொத்தனாரின் கூலியுமே. மூன்றாவதாக விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு; அதனைக் கேட்பவர் சிலரே. சுவர் எழுந்த பின்பு கூரை ஏறுவதற்கு எத்தனை நாள் செல்லும், அந்நாட்கள் எந்த மாதத்தில் விழும் என்பதே அது.

கடைக்கால் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. கூரை வேய்ந்த வீடு தன்னைத் தானே காத்துக் கொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், தலை திறந்து நிற்கும் சுவருக்குத்தான் காவல் கிடையாது. மழைநீர் சுவரின் பக்கத்தில் பட்டு வழிந்தால் சேதம் அற்பம். உச்சியிலிருந்து உள்ளே இறங்கினாலோ, மண் சாந்து கரைந்து ஒழுகும். சுண்ணாம்புச் சாந்து இறுகுமுன் அரிக்கப்படும். பச்சை மண் சுவராயின் அடி ஊறி ஒரு பக்கமாகச் சாயும். ஒரு குடும்பம் பல வருஷம் சேர்த்த பொருள் ஓர் இரவில் சேறாகிப் போவது இந்த இடைக்காலத்திலேதான்.

இவ்வட்டாரத்து மழை மூன்று வழியாக வருகிறது. சித்திரை வைகாசியில் இடியும் சூறைக்காற்றுமாகக் கோடை மழை வரும். சில நாழிகையே பெய்யும், ஆயினும் பெரும் வேகத்துடன் பெய்யும். ஆனி முதல் ஆவணி வரையில் தென்மேற்குப் பருவம். அப்போது மலைமேல் கனமழையும், அடிவாரத்தில் சாரலும், கிழக்கே செல்லச் செல்ல வெறுங்காற்றுமாக இருக்கும். மலைத்தொடரில் பாலக்காட்டருகே உள்ள பெரிய கணவாயின் வழியாக அக்காற்று கொங்கு நாட்டினுள் புகுகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது இக்காற்றினால்தான். மூன்றாவது, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவம். கோயம்புத்தூர் நகரத்தின் ஆண்டு மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும் பங்கு இந்த மாதங்களிலேயே கிடைக்கிறது.

மேற்கண்ட ஒழுங்கு ஏட்டில் இருப்பது போல் வானத்தில் இருப்பதில்லை. 2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்து போயிற்று. இரண்டே வருஷம் கழித்து, 2018 ஆகஸ்டில், மலையில் பெய்த மழையால் நொய்யலில் வெள்ளம் புரண்டது. ஆகையால் வீடு கட்டுவோர் பஞ்சாங்கத்தை மட்டும் நம்புவதற்கில்லை. எந்த மழை எந்த வேலையைக் கெடுக்கும் என்பதை அறிந்து வேலையை வரிசைப்படுத்துவதே அவர்களால் செய்யக் கூடியது.

இரண்டு அறையும் சமையற்கட்டும் உள்ள சிறு வீட்டுக்குத் தை மாதப் பிறப்பிலேயே வானம் தோண்டுதல் உத்தமம். மாசியில் சுவர் எழுப்பிப் பங்குனி முடிவதற்குள் கூரை போட்டுவிட்டால், சித்திரைச் சூறைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆடியில் வீட்டு வேலை தொடங்கலாகாது என்னும் பழைய வழக்கத்துக்கு வேறு காரணங்களும் சொல்லுவார்கள். காற்று மாதத்தில் புதுச்சுவர் எழுப்பாமல் இருப்பது எப்படியும் நல்லதே. தையில் தொடங்குவதில் ஒரு குறை உண்டு. கிணற்று நீர் வற்றும் காலம் அதுவேயாகும். சிமெண்டுக் கட்டுமானத்தைக் குறைந்தது 7 நாள் நனைத்து வர வேண்டியிருப்பதால், தண்ணீர் வண்டிக்கு ஆகும் செலவையும் மதிப்பீட்டில் முன்னதாகவே சேர்த்துக் கொள்ள வேண்டும்.

தை தவறி ஆவணியில்தான் கைக்குப் பணம் வந்தது என்றால் என்ன செய்வது? கடைக்காலைக் கட்டி, வீட்டு மட்டம் வரையில் உயர்த்தி, உள்ளே மண் நிரப்பித் திமிசு போட்டு, அத்துடன் வேலையை நிறுத்திவிட வேண்டும். அந்நிலையில் நிற்கும் வேலைக்கு ஐப்பசி மழை தீங்கு செய்யாது. நிரப்பிய மண் நன்றாகப் படிந்து இறுகுவதற்கு உதவியும் செய்யும். பின்னர்த் தரை போடும்போது அது உள்வாங்கி வெடிப்பதில்லை. நான்கு மாதம் வீணாயிற்று என்று அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடும். ஐப்பசியில் பாதிச் சுவரை இழந்தவர் அவ்விதம் சொல்ல மாட்டார்.

நிலத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். கொங்கு நாட்டில் மழையில்லாக் காலத்து நீரோடையைப் பள்ளம் என்பர். பல வருஷம் புல் முளைத்துக் கிடக்கும் பள்ளம், மலையில் ஒரு நாள் மழை கொட்டினால், ஊரில் ஒரு துளியும் விழாதபோதே நீரைக் கொண்டு வந்து சேர்க்கும். மனை வாங்குமுன் கிராமப் புலப்படத்தைப் பார்ப்பதுடன், தண்ணீர் எந்த மேடு வரையில் ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டறிதல் வேண்டும். மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றில் ஊராட்சி அனுமதியோடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும். காட்டோரத்தில் யானை நடமாடும் வழியில் மனை அமைந்திருந்தால், எவ்வளவு உறுதியான சுவரும் போதாது. அரிசியின் மணத்தை நாடி அவை வரும்.

மண்ணின் ஜாதியை அறிய, பங்குனி வெயிலில் நிலத்தைப் பார்ப்பதே சுலபமான வழி. செம்மண் வெடிப்பதில்லை, இரண்டு மூன்று அடியில் கெட்டித் தரை கிடைத்துவிடும். கரிசல் மண் ஈரத்தில் பருத்துக் கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவரை அது மழைதோறும் தூக்கி, வெயில்தோறும் இறக்கும். சன்னல் மூலைகளில் சாய்வாக ஓடும் விரிசல்கள் இதனாலேயே உண்டாகின்றன. வெடிப்பின் ஆழத்துக்கும் கீழே கடைக்காலை இறக்குதல், குழியில் ஆற்றுமணலோ சரளையோ பரப்பிக் கெட்டித்தல், வீட்டைச் சுற்றிலும் 3 அடி அகலத்துக்குத் தளம் போட்டு நீர் அடியில் புகாமல் தடுத்தல் ஆகிய மூன்றும் அவசியம். கரிசல் மிக ஆழமாயின், தரையில் துளையிட்டு, அடியில் குடம் போல் அகட்டிக் கான்கிரீட் நிரப்பும் முறையொன்று உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் அதனை வகுத்தது. பொறியாளரின் யோசனையின்றி அதனைச் செய்தல் கூடாது.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்து விவசாயி சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் பட்டறையைத் தரையிலிருந்து உயர்த்தி, காற்று உலாவ இடம் விட்டு, மேலே கீற்று வேய்ந்து அமைக்கிறார். வெங்காயத்துக்கு ஈரம் ஆகாது என்பதை அறிந்தவரே தாம் படுத்துறங்கும் வீட்டைத் தரைமட்டத்தில் கட்டிக் கொள்வது ஆச்சரியந்தான். வீட்டு மட்டம் சுற்றுத் தரைக்கு மேல் 2 அடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும்.

சுவருக்கு வேண்டிய செங்கல்லைப் பற்றிய நிலைமை மாறியிருக்கிறது. கோயம்புத்தூருக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி நடைபெற்ற செங்கற் சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. செம்மண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்ததால் நிலமும் ஓடைகளும் கெட்டதே இதற்குக் காரணம். ஆகையால் செங்கல்லைச் சிக்கனமாகச் செலவிடும் முறைகள் கவனிக்கத் தக்கவை. கேரளத்தில் பணியாற்றிய லாரி பேக்கர் பரவச் செய்த எலிப்பொறிக் கட்டில், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மீதமாகும். வெப்பமும் எளிதில் உட்புகாது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உள்ள மண் கட்டிட நிலையம், செம்மண்ணோடு ஏறத்தாழ 5 சதவீதம் சிமெண்டு சேர்த்துக் கைப்பொறியில் அழுத்திச் செய்யும் சுடாத கல்லைப் பல வருஷமாகப் பயிற்றுவித்து வருகிறது. கரிசல் மண் இதற்கு உதவாது. கல்லை அறுத்த பின் நான்கு வாரம் நிழலில் ஈரத்துடன் பதப்படுத்த வேண்டுமாதலால், மார்கழியிலேயே அவ்வேலையைத் தொடங்கலாம்.

எந்தக் கல்லானாலும் ஒரு நாளைக்கு 4 அடிக்கு மேல் சுவரை உயர்த்தலாகாது. மண் சுவராயின் ஒன்றரை அடிப் படையாக வைத்து, ஒவ்வொரு படையும் காய்ந்த பின்னரே அடுத்ததை வைக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும், மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுவரின் தலையைக் கீற்றினாலோ தார்ப்பாயினாலோ மூடிக் கல் பாரம் வைத்தல் நித்திய கடமையாகும். கொத்தனார்கள் இதனைத் தம் வேலையாகக் கருதுவதில்லை. வீட்டுக்காரரே செய்துகொள்ள வேண்டும். கூரையைத் தாங்கும் முக்கோணச் சுவர் தனித்து நிற்கையில் காற்றுக்கு எளிதில் விழும். கூரை மரங்கள் வந்து சேரும் வாரத்திலேயே அதனை எழுப்புவது நலம். கதவு சன்னல்களின் தலைமட்டத்தில், கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஒன்று வீட்டைச் சுற்றி ஓடுமாறு செய்தால் சுவர்கள் நான்கும் ஒன்றையொன்று பிடித்துக் கொள்ளும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பெரியதொரு பூகம்பத்தைக் கண்டது என்பதை இன்று பலர் அறியார்; அப்பட்டை அதற்கும் காப்பாகும்.

கூரைக்கு மங்களூர் ஓடு இவ்வட்டாரத்தார் நெடுங்காலமாக அறிந்தது. பாஸல் மிஷனார் 1865-இல் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய இவ்வோடு, மேற்குக் கடற்கரையிலிருந்து நாடெங்கும் பரவிற்று. கூரையின் ஏற்றம் இரண்டடிக்கு ஓரடிக்குக் குறைந்தால் காற்றோடு அடிக்கும் சாரல் ஓட்டின் இடுக்கில் ஏறிவிடும். மேற்குப் பக்க இறவாரம் குறுகினால் சுவர் நனையும். நீண்டால் காற்று அதனைத் தூக்கும். ஒன்றரை முதல் இரண்டடி நீட்டி, ஓரத்து ஓடுகளை ரீப்பரோடு துத்தநாகக் கம்பியால் கட்டி, முகட்டு ஓடுகளைச் சாந்தில் பதித்தல் வேண்டும். கைமரங்களையும் சுவரில் புதைத்த இரும்புப் பட்டையோடு பிணைக்க வேண்டும். கான்கிரீட் கூரை போடுவோர், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் வானிலைத் துறையும் வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். போட்ட மறுநாள் பாத்தி கட்டி நீரைத் தேக்கி, இரண்டு வாரத்துக்கு முன் முட்டுகளைக் கழற்றாதிருத்தல் முறையாகும்.

வீட்டைச் சுற்றிய மதிலைப் பற்றிப் பொதுவாக யாரும் யோசிப்பதில்லை. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், இதே ஜில்லாவில் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஊறிய உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்திலிருந்த சிறு வீடுகளின் மேல் விழுந்து, உறங்கிக் கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். மேட்டு நிலத்தில் மதில் எழுப்புவோர் உயரத்தைக் குறைத்து, இடையிடையே தாங்கு தூண் நிறுத்தி, அடியில் நீர் வெளியேறத் துளைகள் விடுதல் வேண்டும். அது அண்டை வீட்டாரின் உயிரைப் பற்றிய விஷயம்.

இனிப் பணம். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் 2016-இல் தொடங்கியபோது சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்றும், 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டது. இத்தகைய உதவிகள் வேலை முன்னேறும் படிகளைப் பார்வையிட்ட பின் தவணையாகக் கிடைப்பவை. வேலை முந்தும், பணம் பிந்தும். சுவர் தலைமட்டம் எட்டியதற்கும் கூரைக்கான தொகை கைக்கு வருவதற்கும் நடுவே மேகம் கூடிவிட்டால், வீட்டுக்காரர் என்ன வட்டிக்கும் கடன் வாங்கத் துணிவார். அத்தகைய வட்டியிலிருந்து குடியானவரை விடுவிப்பதற்கென்றே 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டு, அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லா திரூரில் முதற் சங்கம் பதிவாயிற்று.

அங்கத்தினர் செய்யத் தக்க ஏற்பாடு இதுவே: மதிப்பீட்டைக் கடைக்கால், சுவர், கூரை என மூன்றாகப் பிரித்து, கூரைக்கு உரிய பங்கைச் சங்கத்துச் சேமிப்புக் கணக்கில் தனியே போட்டுவிட வேண்டும். அத்தொகை நிரம்பாத வரையில் வீட்டு மட்டத்துக்கு மேல் ஒரு கல்லும் வைக்கலாகாது. ஓட்டையும் மரத்தையும் சுவர் எழுமுன்னரே வாங்கி இறக்கிவிடுவது இன்னும் நல்லது. கையிலுள்ள பணம் கலியாணம், வைத்தியம் என்று கரையும், இறக்கிய ஓடு கரையாது.

சங்கமும் சிலவற்றைப் பொதுவில் வைத்துக் கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு தார்ப்பாய்கள், கல் அழுத்தும் கைப்பொறி ஒன்று, முட்டுக் கட்டைகள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கும் சக்தி சிறு குடும்பங்களுக்கு இல்லை. ஒருவருக்கு அவை தேவைப்படுவதோ சில வாரமே. சிமெண்டை ஒரே லாரியில் தருவித்துப் பங்கிட்டுக் கொள்ளலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வைத்தால் அதன் பலம் குறையும். மூட்டைகளைப் பலகைமேல், சுவரில் படாமல் அடுக்குதல் வேண்டும். தார்ப்பாய்களைப் புரட்டாசி முடியுமுன் வெயிலில் விரித்து, எலி கடித்த ஓட்டைகளைத் தைத்து, யார் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று சங்க எழுத்தர் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.