மேகத்தில் இருக்கும் பதிவேட்டைக் காப்பது யார்?



ஒவ்வொரு பள்ளி ஆபீஸிலும் அட்மிஷன் ரிஜிஸ்டர் என்று ஒரு தடித்த நோட்டு இருக்கும். டி.சி. கேட்டு யார் வந்தாலும் அதைப் புரட்டித்தான் எழுதித் தருவார்கள். அந்த நோட்டு கரையான் அரித்துப் போனால் என்ன ஆகும்? யோசிக்கவே பயமா இருக்கு இல்லையா?

இதே மாதிரி நோட்டு கம்ப்யூட்டரில் இருந்தால் அதற்குப் பெயர் தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ். பிளஸ் டூ கணினி அறிவியலில் நாம் படிக்கிற ரிலேஷனல் முறையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் கட்டுரையாக வெளியிட்டார். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, பரீட்சை மார்க் எல்லாம் இன்றைக்கு இப்படி அட்டவணைகளாகத்தான் இருக்கின்றன.

எங்க அக்கா ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டும், நானே படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மேகம் என்றால் என்ன?

வானத்தில் ஒன்றும் இல்லை! வேறொருவர் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை நாம் வாடகைக்கு எடுத்தால் அதுதான் கிளவுட். அமேசான் நிறுவனம் 2009-ல் ஆர்.டி.எஸ். என்ற சேவையைத் தொடங்கியது. டேட்டாபேஸை அவர்களே நிறுவி, பராமரித்துத் தருவார்கள். அந்த நிறுவனத்தின் கிளவுட் மையங்கள் மும்பையில் 2016-லும், ஹைதராபாத்தில் 2022-லும் திறக்கப்பட்டன.

சரி, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களா? அதுதான் இல்லை. கரன்ட், டிஸ்க், மெஷின் ரிப்பேர், பேக்கப் எடுக்கும் ஏற்பாடு இவை அவர்கள் பொறுப்பு. பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கணும், பேக்கப் எத்தனை நாள் வைக்கணும், புதுப்பதிப்புக்கு எப்போது மாறணும் இவை நம் பொறுப்பு. வாடகை வீட்டில் ஓனர் கூரையை மாற்றித் தருவார். கதவைப் பூட்டாமல் போனால் அவர் என்ன செய்வார்?

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அளவு: டிஸ்க்கின் இடத்தைக் கூட்டுவது சுலபம், குறைப்பது கஷ்டம். அதனால் முதலிலேயே பெரிதாக வாங்கிவிடாமல் தேவைக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போகலாம்.

2. வாசல்: போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வழக்கமாக 5432 என்ற எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும். மை எஸ்.க்யூ.எல். என்றால் 3306. இந்த வாசலை உலகம் முழுக்கத் திறந்து வைக்கக் கூடாது. நம்முடைய புரோகிராம் ஓடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் திறக்க வேண்டும்.

3. பேக்கப்: ஆர்.டி.எஸ்.-ல் தானாக எடுக்கும் பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வைத்திருக்கலாம். அந்த நாட்களுக்குள் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் பெறலாம். அப்படிப் பெறும்போது பழையதன் மேல் எழுதாது. தனியாகப் புது டேட்டாபேஸாக வரும்.

4. இரட்டை: இன்னொரு கட்டடத்தில் அச்சு அசலாக ஒரு நகலை ஓட விடலாம். ஒரு மெஷின் படுத்துவிட்டால் மற்றது வேலை செய்யும். ஆனால் நிறைய பேர் இதையே பேக்கப் என்று நினைத்துவிடுகிறார்கள். கார்பன் பேப்பர் வைத்து எழுதும்போது மேல் தாளில் ஒரு வரியை அடித்தால் கீழ்த் தாளிலும் அடித்துவிடும் அல்லவா? அதே கதைதான். இங்கே தவறாக அழித்தது அங்கேயும் போயே போச்சு! பேக்கப் என்பது நேற்றே எடுத்துப் பீரோவில் வைத்த ஜெராக்ஸ்.

5. அளவுருக்கள்: எத்தனை பேர் ஒரே நேரத்தில் இணையலாம் என்பது போன்ற அமைப்புகள். சிலவற்றை மாற்றினால் உடனே அமலுக்கு வரும். சிலவற்றுக்கு ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். பட்டப்பகலில் ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும்.

புதுப்பிப்பதில் இரண்டு வகை

போஸ்ட்கிரெஸ் 16.3-லிருந்து 16.4-க்கு மாறுவது சின்ன மாற்றம். பிழை திருத்தமும் பாதுகாப்பு ஓட்டை அடைப்பும் மட்டும்தான். 15-லிருந்து 16-க்கு மாறுவது பெரிய மாற்றம். உள்ளே இருக்கும் அமைப்பே மாறலாம், நம் பழைய புரோகிராம் ஓடாமலும் போகலாம். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் திருத்தம் தருகிறது. அதற்கப்புறம் ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க மாட்டார்கள். ஆகவே மாறாமலே இருந்துவிடலாம் என்பதும் நடக்காது.

பெரிய மாற்றம் செய்தபின் "வேண்டாம், பழையபடி ஆக்கு" என்றால் பொத்தான் கிடையாது. முன்பு எடுத்த பேக்கப்பிலிருந்துதான் திரும்ப வேண்டும். நடுவில் எழுதப்பட்டவை அதில் இருக்காது. அதனால் அக்கா செய்யும் முறை இதுதான்: முதலில் முழு நகல் எடுத்துத் தனியாக ஓட விடுவாள். அந்த நகலைப் புதுப்பித்து, புரோகிராமை அதில் ஓட்டிப் பார்ப்பாள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வாள். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் உண்மையானதில் கை வைப்பாள். அதுவும் யாரும் அதிகம் பயன்படுத்தாத ராத்திரி நேரத்தில்!

உலகமே பார்த்த ஒரு சம்பவம்

புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்லேப் என்ற இணையதளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இது. அவர்கள் கிளவுட் மெஷினை வாடகைக்கு எடுத்து, டேட்டாபேஸைத் தாங்களே நிர்வகித்தார்கள். இரட்டையில் நகல் சரியாக ஓடாததால் அதைக் காலி செய்ய நினைத்த பொறியாளர், அசல் இருந்த மெஷினில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜி.பி. அழிந்துவிட்டது. நகலும் ஏற்கெனவே காலி.

பேக்கப் இருக்கே என்று போய்ப் பார்த்தால், வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை! டேட்டாபேஸ் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பிலேயே ஓடியது. அதனால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. நல்ல வேளையாக வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல் கைகொடுத்தது. அப்படியும் சுமார் 5,000 திட்டங்களிலும் 5,000 கருத்துகளிலும் 700 புதிய கணக்குகளிலும் அந்த நேரத்துப் பதிவுகள் போய்விட்டன.

நடந்ததை ஒளிக்காமல் அந்த நிறுவனமே எழுதி வெளியிட்டது. அதனால்தான் இன்றைக்கு நாம் இதைப் படிக்க முடிகிறது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: பேக்கப் எடுக்கிறோம் என்பது பாதி வேலை. அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் அது பேக்கப். தானாக நடக்கும் சேவை வாங்கினாலும் மாதம் ஒருமுறையாவது சோதித்துப் பார்க்கணும். உங்கள் பிராஜெக்டை பென் டிரைவில் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள்!

மூளைக்கு வேலை

ஆர்.டி.எஸ்.-ல் புதுப்பிக்கும் நேரத்தை யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் குறிக்க வேண்டும். அது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. ஞாயிறு அதிகாலை 2 மணிக்குப் புதுப்பிக்க எந்தக் கிழமை, எத்தனை மணி என்று குறிப்பீர்கள்?

(விடை: சனிக்கிழமை இரவு 8.30. ஞாயிறு என்றே போட்டிருந்தால் திங்கள் அதிகாலையில்தான் நடக்கும்!)



– பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்