வரிப்பாக்கியும் ஏல அறிவித்தலும்

ஒருவன் பொருளை அவன் அறியாமல் எடுப்பதைக் களவு என்கிறோம். வரிப்பாக்கிக்காக ஒருவருடைய காணியை ஒரு சபை ஏலத்தில் விற்கும்போது, அச்செயலைக் களவினின்றும் வேறுபடுத்துவன இரண்டு. ஒன்று சட்டம், மற்றொன்று முன்னறிவித்தல். இரண்டாவதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மட்டக்களப்பு நகரம் 1967 முதல் மாநகர சபையின் ஆட்சியில் இருக்கின்றது. புளியந்தீவிலோ கல்லடியிலோ வீடுடையவர் அச்சபைக்கு ஆண்டுதோறும் ஆதனவரி செலுத்துகின்றார். சோலைவரி என்று முதியோர் வழங்குவதும் இதனையே. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் இதற்கு ஆதாரம். காத்தான்குடி, ஏறாவூர் முதலிய நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன.

வீட்டின் வருடாந்தப் பெறுமதியை மதிப்பிட்டு, அதில் நூற்றுக்கு இத்தனை என்று வரி விதிக்கப்படுகின்றது. முதல் அறிவித்தல் இங்கேயே வருகின்றது. மதிப்பீடு கூடுதலென்று கருதுபவர், அதிற் குறித்த காலத்துள் எழுத்தில் ஆட்சேபந் தெரிவிக்கலாம். வரியை நான்கு காலாண்டுகளிற் செலுத்தலாம். ஆண்டு முழுமைக்குமுரிய தொகையைத் தை மாதம் 31ஆந் திகதிக்குமுன் கட்டுவோருக்கு நூற்றுக்கு 10 கழிவுண்டு.

கட்டாதுவிட்டால் என்ன நிகழும்? உரியவரின் உடைமையைக் கைப்பற்றி விற்று வரியையும் செலவையும் அறவிடும்படி, சபை தன் உத்தியோகத்தருக்கு ஆணைப்பத்திரம் வழங்கலாம். இதனையே 'வாறண்டு' என்பர். அசையும் பொருள் மட்டுமன்றி, வீடும் வளவுங்கூட இதற்குட்படும். ஏலத்தில் நிலத்தை வாங்கியவருக்குச் சபை அளிக்கும் சான்றிதழே உரிமையை மாற்றிவிடும். நொத்தாரிசு முன்னிலையில் பழைய உரிமையாளர் கையொப்பமிட்டு உறுதி முடிக்க வேண்டுவதில்லை. ஆகையால் அறிவித்தல் என்பது வெறும் சம்பிரதாயமன்று. வீட்டைக் காப்பாற்ற எஞ்சியிருக்கும் வாயில் அதுவே.

வரிக்காக நிலம் போவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1878ஆம் ஆண்டுத் தானியவரிச் சட்டத்தின்கீழ், 1880களில் நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில், வரி கட்ட இயலாத உழவரின் வயல்கள் பெருந்தொகையாக விற்கப்பட்டன. அதனால் விளைந்த துயரை அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் வெளிப்படுத்தினார். பெரும் வாதத்தின்பின், ஹவ்லொக் தேசாதிபதி காலத்தில் 1892இல் அவ்வரியை ஒழிக்கச் சட்டமியற்றப்பட்டது. சிறு பாக்கிக்கு வாழ்வாதாரத்தையே விற்பது எத்தகைய கேட்டைத் தரும் என்பதற்கு இது சான்று.

அறிவித்தல் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் 2006இல் அளித்த தீர்ப்பொன்று சிறந்த விளக்கமாகும். ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில் ஒருவர் முப்பது ஆண்டுகள் வீட்டுக்கடனைத் தீர்த்தார். பின்னர் அவ்வீட்டின் வரி கட்டப்படவில்லை. அவரோ வேறிடத்தில் வசித்தார். மாநிலம் அனுப்பிய பதிவுத் தபால் எவரும் பெறாமல் திரும்பிவந்தது. பத்திரிகையில் விளம்பரஞ் செய்து, பின்னர் மற்றொரு கடிதமும் அனுப்பினர். அதுவும் திரும்பிற்று. 80,000 டொலர் பெறுமதியான வீடு 21,042 டொலருக்குக் கைமாறியது.

கடிதம் திரும்பிவந்ததை அறிந்தபின் வாளாவிருத்தல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் உத்தியோகத்தர் கடிதக் கட்டைத் தபாற்காரரிடம் கொடுக்க, அவர் அதனைக் கண்முன்னே வடிகாலிற் போட்டுவிட்டால், உத்தியோகத்தர் வேறு கடிதம் எழுதமாட்டாரா என்று கேட்டது. வீட்டுக் கதவில் ஒட்டலாம். 'குடியிருப்பவர்க்கு' என்று முகவரியிட்டு அனுப்பலாம் என்றும் வழிகாட்டியது. அத்தீர்ப்பு நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயம் எங்கும் பொருந்தும்.

வாவியின் இருகரையிலும் இந்த நியாயத்துக்குத் தனிப் பொருளுண்டு. இங்கே வீடு பெரும்பாலும் சீதனமாக மகளுக்குச் செல்கின்றது. வீடு மூன்று தலைமுறை கைமாறியும், சபையின் இடாப்பிலே பாட்டியாரின் பெயர் நிற்கக்கூடும். யுத்தத்தினாலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையினாலும் இடம்பெயர்ந்தோர் பலர். கடல் கடந்து சென்றோரும் பலர். பூட்டிய வீட்டின் வாயிலில் இடப்பட்ட அறிவித்தலைக் கறையான் வாசிக்குமேயன்றிக் கனடாவிலுள்ள மகள் வாசிப்பாளா?

ஆதலால் நேயர்களே, செய்யவேண்டுவன நான்கு. உறுதி முடித்தவுடன் அதன் பிரதியைச் சபையிற் கொடுத்து இடாப்பில் உங்கள் பெயரைப் பதிவியுங்கள். ஊரில் இல்லாவிடில், நம்பத்தக்க உறவினரின் முகவரியை எழுத்திற் கொடுங்கள். வரிப் பற்றுச்சீட்டுகளை உறுதியோடு சேர்த்துப் பேணுங்கள். பாக்கி இருப்பின், ஆணைப்பத்திரம் வருமுன் சபைக்குச் சென்று தவணைமுறையிற் செலுத்த அனுமதி கேளுங்கள்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. வரி இல்லையேல் தெருவிளக்கும் வடிகாலும் இல்லை. அதனை அறவிடுவது உங்கள் கடமை. உரியவரைத் தேடிச் சென்று அறிவிப்பதும் அக்கடமையின் பகுதியே. திரும்பிவந்த கடிதத்தைக் கோவையில் இடுமுன், பக்கத்து வீட்டுப் படலையை ஒருமுறை தட்டிக் கேளுங்கள்.