கதையும் கதைசொன்னவரும்

நல்ல கதையை எழுதியவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று குழந்தைகள் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பொய்க்கும்போது, அவருடைய நூலைக் குழந்தையின் கையில் கொடுக்கலாமா என்னும் வினா எழுகிறது. ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் ரோல்ட் தால் (1916–1990).

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பிறந்த தால், 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்', 'மெட்டில்டா' முதலிய புகழ்பெற்ற கதைகளைப் படைத்தவர். எனினும், 1983இல் அளித்த நேர்காணல் ஒன்றில் யூத மக்களை இழித்துப் பேசினார். 2020இல் அவருடைய குடும்பத்தார் அவருடைய யூத வெறுப்புப் பேச்சுகளுக்காக மன்னிப்புக் கோரினர்.

நூலில் உள்ள குறை

1964இல் வெளிவந்த சாக்லேட் தொழிற்சாலைக் கதையில், தொழிலாளர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ளர்களாகக் காட்டப்பட்டனர். கொக்கோ விதைகளே அவர்களுக்குக் கூலி. இது அடிமை முறையை நினைவூட்டுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. தால் தாமே அப்பகுதியைத் திருத்தினார். 1973இல் திருத்திய பதிப்பு வெளிவந்தது.

2023இல் பஃபின் பதிப்பகம் அவருடைய நூல்களில் உருவம், பாலினம் முதலியன குறித்த சொற்கள் பலவற்றை மாற்றியது. எழுத்தாளர் மறைந்தபின் பிறர் திருத்துவது முறையன்று எனப் பலர் எதிர்த்தனர். பழைய வடிவமும் தொடர்ந்து கிடைக்கும் எனப் பதிப்பகம் அறிவித்தது.

எழுதியவரிடம் உள்ள குறை

நூலில் உள்ள குறையைத் திருத்தலாம். நேர்காணலில் உதிர்ந்த வெறுப்புச் சொற்களோ கதைநூலில் இல்லை. ஆகவே, எத்திருத்தமும் அவற்றை நீக்காது. அவற்றை மறைத்து ஆசிரியரைப் போற்றி விழா எடுத்தால், வகுப்பில் அமர்ந்திருக்கும் யூதக் குழந்தையின் உள்ளம் என்ன பாடுபடும்? நூல்களை முற்றிலும் விலக்கினாலோ, அக்கதைகளால் துணிவு பெறக்கூடிய குழந்தைகள் அவற்றை இழப்பர். படிப்பது வேறு, போற்றுவது வேறு.

பகிரும் முறை

மடியிலமர்ந்து கதை கேட்கும் குழந்தைக்குக் கதையே போதும். கதையில் எவரேனும் இழிவாகக் காட்டப்பட்டிருந்தால், அங்கே நிறுத்தி, "இது சரிதானா?" என்று கேட்கலாம். வளர்ந்த சிறுவர்கள் ஆசிரியரைப் பற்றி வினவும்போது உண்மையைக் கூறுவதே முறை.

பழைய கார்களை ஏமாற்றி விற்கும் தந்தையிடம், அது நேர்மையன்று என எடுத்துரைக்கும் சிறுமி மெட்டில்டா. பெரியவர் செய்தாலும் தவறு தவறே என்பதை அவளிடம் கற்கும் குழந்தை, அவளைப் படைத்தவரையும் அவ்வளவுகோலால் அளக்கும் ஆற்றலைப் பெறுகிறது.