மண்ணுக்குள் ஒன்று, மரத்துக்குள் ஒன்று

மே மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடை மழை வலுக்கும்போது, ஓடைக் கரைகளில் தரைக்கு அடியிலிருந்து கோழி கேறுவது போல ஒரு சத்தம் எழும். ஆண் ஊதாத் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே துணையை அழைக்கிறது. உப்பிய உடல், குட்டைக் கால்கள், வெளுத்த கூர்மூக்கு. மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும் இது, முட்டையிட மட்டும் ஆண்டில் சில நாள் மேலே வரும். கேரளத்தில் மாவேலித் தவளை என்கிறார்கள். ஓணத்துக்குப் பாதாளத்திலிருந்து வரும் மகாபலியின் பெயர் இதற்கு எவ்வளவு பொருத்தம்!

இடுக்கியில் கிடைத்த இந்தத் தவளையை 2003இல் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஃபிராங்கி பொசைட்டும் உலகுக்கு அறிவித்தார்கள். இதன் நெருங்கிய சொந்தம் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு அது. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பகுதியிலிருந்து இன்னொரு இனமும் அறிவிக்கப்பட்டது.

தவளை வெளிவரும் அதே பருவத்தையொட்டி, உயரே ஒரு மரப்பொந்தின் சுவரும் உடைகிறது. பெரிய இருவாச்சியின் கூடு அது. பெட்டை பொந்துக்குள் போய், எச்சத்தைக் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். அலகு நுழையும் கீறல் மட்டும் மிஞ்சும். அதன் வழியாக ஆண் அத்திப்பழங்களைத் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். ஆணை யாராவது வேட்டையாடினால் உள்ளே இருப்பவையும் பட்டினிதான்.

இருவாச்சி இடுவது ஒன்றிரண்டு முட்டை; தவளை இடுவதோ ஆயிரக்கணக்கில். ஆனாலும் தவளை பிழைத்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. இருவாச்சிக்குப் பெரும் பொந்துள்ள முதுமரம் எப்படியோ, தவளைக்கு மழைக்கால ஓடையின் பாறை அப்படி. இருவாச்சி இல்லாமல் போனால் அதன் சிறகோசை நின்றதை வைத்தே ஊர் அறிந்துவிடும். தவளை போனால் யாருக்கும் தெரியாது. அதனால் என் கவலை தவளையின் பக்கம் சற்றுக் கூடுதலாகவே சாய்கிறது.

அதன் தலைப்பிரட்டைகளைப் பார்த்தால் காரணம் புரியும். உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, சுழித்தோடும் வெள்ளத்தில் ஏறத்தாழ 100 நாள் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றைப் பிடித்து உண்ணும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தடுப்பணை கட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டாலோ, கவ்விப் பிடிக்கப் பாறை இருந்தும் பாய்கிற தண்ணீர் இருக்காது.