காற்றுக்கு வழி விட்டீர்களா?

தஞ்சாவூரில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். இடம் வாங்கியவர்கள் கேட்பது எத்தனை பெட்ரூம் வரும், கார் எங்கே நிற்கும், ஏ.சி. பாயின்ட் எங்கே என்பதுதான். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைப் படுத்துகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்புச் சூடு இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை காயாது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை ஒரு வீச்சு தள்ளிவிட்டால், வெப்பநிலை குறையாமலே உடம்பு லேசாகிவிடும்.

"சுத்திலும் வயல்தானே சார், ஊரு குளுந்துதானே கெடக்கணும்?" என்பார்கள். பாதி சரி. நடவு வயலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. ஏக்கருக்கு 20,000 லிட்டர். அந்த நீர் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை இயந்திரத்தால் எடுக்க, ஒன்றரை டன் ஏ.சி. நூற்றுக்கு மேல் இரவும் பகலும் ஓட வேண்டும். ஆனால் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கப்படி ஜூன் 12. சம்பா அறுத்து உளுந்தும் எடுத்த வயல், பம்புசெட் இல்லாத இடங்களில் சித்திரை, வைகாசியில் வெடித்துக் கிடக்கும். வேண்டிய மாதத்தில் அந்தக் குளிர்ச்சி இல்லை. குறுவையில் அது வரும்போது கூடவே ஈரமும் வரும். ஆகவே சுற்றிச் சுற்றிக் காற்றிடம்தான் வந்து நிற்கிறோம்.

சுற்றுப்புறக் கிராமங்களைவிட நகரம் சூடாக இருப்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் 1818-லேயே அளந்து எழுதினார். தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் விடுகின்றன. நெருக்கிக் கட்டிய சுவர்கள் அந்தச் சூட்டை வானத்துக்குப் போகவிடாமல் ஒன்றுக்கொன்று திருப்பித் தருகின்றன. காற்றும் உள்ளே நுழைவதில்லை. மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கத்து நகர்களில் இரவு பத்து மணிக்கு மொட்டைமாடித் தளத்தில் வெறுங்காலை வைத்தால் விஷயம் புரிந்துவிடும்.

டெல்டாவின் பழைய வீடுகளைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. சாந்தி பிரியா, சுந்தரராஜா முதலியோர் நாகப்பட்டினத்து மரபு வீடுகளை ஆராய்ந்து 2012-இல் ‘எனர்ஜி அண்ட் பில்டிங்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பழையது நல்லது என்று சும்மா சொல்லாமல், கருவி வைத்து அளந்தார்கள். மின்சாரம் இல்லாமலே அந்த வீடுகள் உள்ளே இதமாக இருப்பது அளவிலேயே தெரிந்தது.

கும்பகோணம், மாயவரம் பக்கத்து வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் கிணற்றடி தெரியும். முற்றத்துச் சூடான காற்று மேலே ஏற, அந்த இடத்தை நிரப்ப ரேழி வழியாகத் தெருக்காற்று உள்ளே வரும். ரேழி குறுகல் என்பதால் வேகமும் கூடும். நான் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ரேழியில் பிடிப்பேன். புகை முற்றத்தை நோக்கிச் சாய்ந்து ஓடும். புது வீட்டு ஹாலில் அதே புகை நெட்டுக்குத்தாக நிற்கும். இதைவிட மலிவான கருவி கிடையாது.

இப்போது குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போடுகிறார்கள். பயம் நியாயம்தான், ஆனால் கம்பி வலை போதுமே! ஷீட் போட்டால் வெளிச்சம் வரும், வெயிலும் வரும், காற்று மட்டும் வெளியே போகாது.

புது மனைகளில் இன்னொரு சிக்கல். ஆடிக்காற்று வருவது மேற்கிலிருந்து, மாலை வெயிலும் மேற்கிலிருந்து. வெயிலுக்குப் பயந்து அந்தச் சுவரை மூடியே விடுகிறோம். ஜன்னலை வைத்து, மேலே அகலமான சன்ஷேடு போட்டு, இடமிருந்தால் வெளியே ஒரு வேம்பை நட்டால் வெயில் நிற்கும், காற்று வரும். பக்கச் சந்தில் விட வேண்டிய இடத்தையும் ஷீட் போட்டு அடைக்கும்போது நம் காற்றோடு அடுத்த வீட்டுக் காற்றும் போகிறது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகாவது, பிளான் போடுகிறவரிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும்? பதில் சொல்லத் தெரியாதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.